பாதியில் நிற்கும் விண்ணப்பம்

எங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் யாருமே படிக்காத பக்கத்தை எழுதியவன் நான்தான். 'உங்கள் தகவல்களை எப்படிச் சேகரிக்கிறோம், எதற்குப் பயன்படுத்துகிறோம்' என்று தலைப்பு. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வருகிறவர்கள் சராசரியாக ஆறு விநாடி நிற்கிறார்கள். நீங்களாவது முழுக்கப் படித்தீர்கள், ஐயா. விசாரணைக்காகத்தான் என்றாலும் சந்தோஷம்.

சேர்க்கைப் பிரிவில் என் வேலை, படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டுப் போகிறவர்களைத் திரும்ப அழைப்பது. 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால்தான் விவரம் எங்களுக்கு வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தட்டத் தட்ட வந்துவிடும். அழித்தாலும் எங்களிடம் இருக்கும். அந்த யோசனையைக் கூட்டத்தில் சொன்னதும் நான்தான். பாதியில் விட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்படி விட்டுப் போனவர்களின் பட்டியலில் என் தங்கையின் பெயர் இருந்தது. அவள் கணவனை விட்டுப் போய் அப்போது ஏழு மாதம். கையில் மாவுக்கட்டோடு வந்து கடைசியாக என்னிடம் சொன்னது இதுதான்: "எங்க இருக்கேன்னு கேக்காதண்ணா. தெரிஞ்சா நீ சொல்லிடுவ." கூடப் பிறந்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

நர்சிங் படிப்புக்கான படிவம். பெயர், போன் எண், முகவரி எல்லாம் தட்டியிருந்தாள். சலவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. பிறகு ஒன்று விடாமல் அழித்திருந்தாள். நான் இங்கே வேலை செய்வது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும். அவள் ஒளிந்துகொண்டதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அழித்தாள் பாருங்கள், அதுதான் வலித்தது.

மாப்பிள்ளையை நான்தான் கேண்டீனுக்கு வரச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கி அழுதார். "பேசத்தான் மச்சான் போறேன். சத்தியமா." முகவரியைத் துண்டுச்சீட்டில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். தனிப்பட்ட விவரங்களை அச்சிட்டு வெளியே தரக் கூடாது என்பது விதி.

சீட்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "எந்நேரம் வீட்ல இருப்பா? கூட யாராச்சும் இருக்காங்களா?"

பேசப் போகிறவருக்கு அது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாடியேறி என் இருக்கைக்குப் போய்க் கணினியில் பார்த்தேன். ஒன்பது முறை எங்கள் தளத்துக்கு வந்திருந்தாள். எல்லாமே பகல் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில், அந்த வீட்டு இணைப்பிலிருந்து. அந்த இணைப்பிலிருந்து வேறு எந்த போனும் தளத்துக்கு வந்ததில்லை. இறங்கி வந்து சொன்னேன். "ரெண்டு மணிக்கு மேல போங்க மாப்பிள்ளை. தனியாத்தான் இருப்பா."

மறுநாள் இரண்டு ஐந்துக்கு அவள் படிவத்தைத் திறந்தது என் திரையில் தெரிந்தது. பெயரைத் தட்டினாள். இந்த முறை அழிக்கவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டாள் போலிருக்கிறது. முகவரிக் கட்டத்தில், இரண்டு பத்துக்கு, ஒரு சொல்லின் நடுவில் எழுத்து நின்றுவிட்டது. அவள் எண் என் எதிரிலேயே இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மூன்று மணி வரை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

என் தங்கையைக் கொன்றது மாப்பிள்ளை. வீட்டையும் நேரத்தையும் காட்டிக்கொடுத்தது நான். தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்டீர்கள். நீங்கள் உறையில் போட்டு வைத்திருக்கும் அவள் போனுக்குத் திங்கட்கிழமைதோறும் எங்கள் செய்தி வருகிறது: 'உங்கள் விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. தொடர விருப்பமா?' அதைப் பிடித்துக்கொண்டுதான் என்னிடம் வந்து சேர்ந்தீர்கள். போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவளுடைய அம்மா அதைப் பார்த்தால் தாங்க மாட்டார்கள், நிறுத்திவிடு என்கிறீர்கள். எனக்கும் அவர் அம்மாதான், ஐயா. ஆனால் என்னால் நிறுத்த முடியாது. விவரங்களை நீக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்டவரே எழுதிக் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஏழாவது பத்தி. இதுவரை அவள் கேட்கவில்லை.