கோவிந்தன் கட்டிய மேற்குச் சுவர்

காப்பி பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த ரேஷன் காலத்தில் ஸ்டேஷன் காப்பிக்கு இவ்வளவு சர்க்கரை போடுகிறீர்களே, அதுதான் ஆச்சரியம். நான் நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். லாக்கப்பில் இருக்கும் கொத்தனார் கோவிந்தனை முதலில் வெளியே விடுங்கள். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

என் பெயர் பரந்தாமன். குமணன்சாவடி ரோட்டு அரிசி மில் என்னுடையது. பத்து வருஷத்துக்கு முன் கோவிந்தன்தான் கட்டிக்கொடுத்தான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்பு. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

போன வாரப் புயலில் ஊரே குப்புற விழுந்தது. சேரியில் ஒரு கூரை மிச்சமில்லை. வயலெல்லாம் ஏரி. என் மில்லில் மட்டும் ஓர் ஓடுகூட நகரவில்லை. கொடுத்துவைத்த மகராசன் என்றார்கள். எனக்கோ எரிச்சல். நெல் வராத மில்லை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஈ ஓட்டவா?

அதற்குத்தான் இன்ஷூரன்ஸ் போட்டிருந்தேன். புயலால் மில் நின்றால், நின்ற நாளுக்கெல்லாம் லாபத்தைக் கம்பெனி கொடுக்கும். புயலுக்கு மறுநாள் காலை ஏஜெண்ட் நாகேந்திரன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தார். மில்லை ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் தொங்கிப்போயிற்று.

“மொதலாளி, ஊரு நின்னு போனா கம்பெனி குடுக்காது. காத்துல உங்க கட்டடம் அடிபட்டு, அதனால மில்லு நின்னாத்தான் துட்டு. இங்க ஒரு கீறல்கூட இல்லியே. நாளைக்கி கம்பெனி ஆளு வந்து பாத்துட்டு, கைய விரிச்சிட்டுப் பூடுவாரு.”

அநியாயத்தைப் பாருங்கள். ஓட்டைச் சுவர்க்காரனுக்குக் காசு, ஒழுங்காகக் கட்டியவனுக்குப் பட்டை நாமம்.

காற்று அதுவரை முழுதாக அடங்கவில்லை. ஆனால் காலையில் நாகேந்திரன் பார்த்த சுவர் மத்தியானம் விழுந்தால் சந்தேகம் வராதா? வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்தேன். வழி கிடைத்தது.

எங்கள் மில்லில் அரிசி புடைக்கும் அங்கம்மா, அவள் புருஷன் முனியன், மாமியார் வேம்புலியம்மாள் மூவரும் ரோட்டோர மேட்டில் நனைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே வரச் சொன்னேன். சூடாகக் கஞ்சி கொடுத்தேன். மேற்குச் சுவரோரம் காற்றுப் படாது என்று சாக்கு விரித்து நானே இடம் காட்டினேன். அங்கம்மாவுக்கு ஏழாம் மாசம், கால் நீட்டிப் படுக்க வேண்டும் பாருங்கள்.

பிறகு பின்பக்கம் போய்க் கடப்பாரையைப் போட்டேன். அப்பப்பா, என்ன சுண்ணாம்பு அது! தண்ணீரில் ஊறியும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளிருந்து அங்கம்மா குரல் கொடுத்தாள்.

“இன்னா ஆண்டே, பின்னால இடிக்கிற சத்தம் கேக்குது?”

“தண்ணி வடியக் கால்வா வெட்டிக்கினு கீறேன். நீ பயப்படாத தூங்கு.”

“மழைல நனஞ்சிகினு எங்களுக்காவப் பாடுபட்றீங்களே. நீங்க நல்லா இருக்கணும் ஆண்டே.”

மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அடிக்கல் வரிசையைப் பெயர்த்ததும் மிச்சத்தைக் காற்றே பார்த்துக்கொண்டது. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது.

கம்பெனி ஆள் வந்து பார்த்தார். “மட்டமான வேலை. சுவர் சரியில்லாமல் விழுந்திருக்கிறது, காற்றால் அல்ல” என்று எழுதிவிட்டார். காசும் இல்லை என்றாயிற்று. நீங்களும் அதை நம்பி, மூன்று சாவுக்குக் கோவிந்தனைப் பிடித்து வந்துவிட்டீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கைத்தொழிலாளியின் பேரைக் கெடுப்பது பாவமில்லையா? அந்தச் சுவர் தானாக விழவில்லை ஐயா. அதை விழவைக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

ஆள் இருப்பது தெரிந்துதான் இடித்தாயா என்கிறீர்கள். தெரியாமலா? ஆள் படுத்திருக்கும் சுவரை எவன் இடிப்பான் என்று கம்பெனி நம்ப வேண்டாமா? அதற்காகத்தானே அவர்களை உள்ளே கூப்பிட்டேன். மூன்று பேர் என்று எழுதுங்கள். வயிற்றில் இருந்ததைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் சட்டம், அதில் நான் தலையிட மாட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கோவிந்தனை விட்டதும் நேராக மில்லுக்குப் போய் அந்தச் சுவரை மறுபடி எழுப்பச் சொல்லுங்கள். நான் திரும்பி வர எத்தனை நாளாகுமோ. அடுத்த மழைக்கு ஒதுங்க, பாவம், அந்த ஜனங்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?