ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாத தலையணை

மைசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், என் எதிர் இருக்கையில் தினமும் வேலைக்குப் போய்வரும் இரண்டு பேர், கன்னடக்காரர் பாணியில் ஒருவரையொருவர் 'குரு' என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தைச் சுற்றி, குதிரை லாடம் போன்ற பயணத் தலையணையை மாட்டியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்லகூட இதைக் கழட்ட மாட்டேன் குரு," என்றார் அவர்.

"ஏன், கழுத்து வலியா?" என்றார் நண்பர்.

"இல்லப்பா. கிளம்பும்போதும் திரும்பும்போதும் பாப்பா அரைத் தூக்கத்துல என்னை இதோடதான் பாக்கறா. கழட்டினா யாரோன்னு அழறா."

"பேசாம இதை வீட்ல விட்டுட்டு வா. உன்னைவிட நல்லா வளர்க்கும்."

தலையணைக்காரர் தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"மைசூர் ஆபீஸுக்கு மாத்தல் கேட்டியே, என்னாச்சு?" என்று நண்பர் பேச்சை மாற்றினார்.

"மூணாவது தடவையா எழுதினேன். இப்பத்தான் பதில்னு ஒண்ணு வந்திருக்கு, 'பரிசீலனையில் உள்ளது'ன்னு."

"அப்ப ஆயித்து பிடு குரு, முடிஞ்சுது விடு! கிடைச்ச மாதிரிதான்."

கொடுப்பதில்லை என்று முடிவான மனுக்களுக்கு முப்பது வருடம் அந்த வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியவன் நான்.

"பாப்பாவை ஸ்கூல்ல சேக்கறதுக்குள்ள வந்துடுவேன்னு வீட்ல சொல்லிட்டேன்," என்றார் அவர், கண்களை மூடியபடி.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.