டீவிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம்

டீவிக்குப் பின்னால் லைட் பட்டி ஒட்டுவதென்றால் முதலில் டீவியின் முதுகை நன்றாகத் துடைக்க வேண்டும். தூசி இருந்தால் பசை பிடிக்காது. நிறையப் பேர் விளிம்பிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அப்போது பல்பு பொட்டுப் பொட்டாகத் தெரியும், கண் கூசும். கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டினால் பல்பு தெரியாது, வெளிச்சம் மட்டும் சுவரில் பரவும். நீலம், சிவப்பு எல்லாம் சலூன் கடைக்குச் சரி. வீட்டுக்கு இளமஞ்சள்தான் அழகு.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், ஐயா. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் அப்படி ஒரு ஹால் இருந்தது. தினமும் டீவிக்குப் பின்னால் தூசி தட்டுவது என் வேலை. அந்த வெளிச்சத்தில் உட்காரக் கூடாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும். ஊருக்குத் திரும்பி, தோட்டத்தில் கொடுத்த காணியில் வீடு கட்டியபோது, ஹாலுக்கு மட்டும் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. என் கணவர் ராமச்சந்திரன் கித்துல்கலவில் ரப்பர் படகில் ஆள் ஏற்றுகிற ஹோட்டலில் வேலை. வாரம் ஒருமுறை வருவார். அவருக்கு எந்தச் சுவரும் ஒன்றுதான்.

எங்கள் வீடு மேட்டில், பாறைமேல் இருக்கிறது. கீழே சரிவில் பழைய லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தோட்டத்து ஆட்களின் காம்பராக்கள். அதனால்தான் மண்சரிவுக்காக மழை அளக்கிற பெட்டியை உங்கள் ஆபீஸ்காரர்கள் எங்கள் வீட்டில் வைத்தார்கள். வாசலில் ஒரு புனல், அதிலிருந்து ஒரு வயர், உள்ளே சுவரில் பெட்டி. மழை ஓர் அளவைத் தாண்டினால் பெட்டி விட்டு விட்டுக் கத்தும். இன்னும் பெய்தால் நிறுத்தாமல் கத்தும். அப்போது நான் லயத்துக்குச் சொல்ல வேண்டும், எல்லோரும் ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் என் பொறுப்பு. பெட்டியைச் சுவரில் பூட்ட வந்த தம்பி, "அக்கே, மேக்க கலவன்ன எபா" என்று இரண்டு தடவை சொன்னார். இதைக் கழற்றாதீர்கள் என்று. எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். விளங்கவில்லை என்று இப்போது சொல்லப் போவதில்லை.

போன வருடம் அது ஒரு தடவை கத்தியது. நான் சொன்னேன், எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து என்னைத்தான் ஏசினார்கள்.

ஹாலில் ப்ளக் பொயின்ட் ஒன்றுதான். டீவி, லைட் பட்டி, பெட்டி மூன்றுக்கும் இடம் போதாது. பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறதே, அதிலேயே ஓடட்டும் என்று அதன் ப்ளக்கைப் பிடுங்கினேன். அதன் முகத்தில் ஒரு பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். மஞ்சள் வெளிச்சத்துக்குள் அந்தப் பச்சை, நல்ல சேலையில் எண்ணெய்க் கறை மாதிரி. கறுப்பு டேப் ஒட்டினேன்.

எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டி வாங்கிய கடையில் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். கடைக்கார ஜஸீல் நல்ல மனிதர்.

"இது பன்னெண்டு வோல்ட் தானே தங்கச்சி. சின்ன பேட்டரி ஒண்ணு இருந்தா கரண்ட் இல்லாட்டியும் எரியும். எடுத்துத் தரட்டா?" என்றார்.

வேண்டாம் என்றேன். வீட்டில் ஒன்று இருந்தது.

திருடினேன் என்று சொல்லாதீர்கள். பேட்டரி வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அதே சுவரில் இங்கிருந்து அங்கே மாறியது. பெட்டி அதன் இடத்தில்தான் தொங்கியது. தினமும் துடைத்தேன்.

அதன்பிறகு கரண்ட் போனால் மலையில் எங்கள் வீடு மட்டும்தான் தெரியும். லயத்திலிருந்து பெண்கள் வந்து உட்காருவார்கள். கீழே முதல் காம்பராவில் இருக்கும் மருதாயி அக்கா, ரப்பர் பால் வெட்டுகிறவர், மகள் ராகினியையும் கூட்டி வருவார். ராகினி எம்பிலிப்பிட்டியவில் துணிக்கடையில் வேலை, லீவுக்கு வந்திருந்தாள். சுவரைத் தடவிப் பார்த்து, "சூடே இல்லையே அக்கா" என்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இருக்கக் கூடாதா?

அந்த மழை விடாமல் பெய்தது. ரோட்டில் மண் விழுந்து என் கணவரால் கித்துல்கலவிலிருந்து வர முடியவில்லை. கரண்டும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் மருதாயி அக்கா தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"பொட்டி என்ன சொல்லுது விஜயா?"

"சத்தமே இல்லக்கா."

"மலையிலேருந்து வர்ற பீலியில தண்ணி செவப்பா வருது. ஸ்கூலுக்குப் போயிருவமான்னு எல்லாரும் யோசிக்கிறாங்க."

"கத்துனா நான் சொல்ல மாட்டேனாக்கா?"

இரண்டுமே உண்மை. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

பேட்டரியைத் திரும்பப் போடுவது பெரிய வேலையில்லை. ஆனால் போட்டால் லைட் அணையும். அக்கா என் முன்னால் நின்று அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே இருட்டு. ஒங்க வீடு மட்டும் கோயில் மாதிரி இருக்கு" என்றார். பிறகு கேட்டார், "ராகினிய கொஞ்ச நேரம் இங்க வந்து இருக்கச் சொல்லவா? அவளுக்கு மழன்னா பயம்."

தரையை அப்போதுதான் துடைத்திருந்தேன். "நாளைக்கு வரச் சொல்லுங்கக்கா. இப்ப வந்தா சேறாகிரும்" என்றேன். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு இறங்கினார்.

அவர் போன பிறகு பேட்டரியைப் போட்டிருக்கலாம். போடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டீவி சத்தமும் இல்லாமல், ஆட்களும் இல்லாமல், அந்த வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து நெடுநாள் ஆகியிருந்தது. கொஞ்சம் உட்கார்ந்தேன்.

மலை சரிந்து இறங்கும்போது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, ஐயா. பெரிய லொறியில் கல் கொட்டுவது மாதிரி, அவ்வளவுதான். பிறகு மழைச் சத்தம் மட்டும். ஜன்னலைத் திறந்தேன். கீழே லயத்தில் ஏற்றி வைத்த விளக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. மண் வாசம் வந்தது.

அப்போதுதான் பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். டேப்பையும் உரித்தேன். ப்ளக்கையும் பழைய இடத்தில் சொருகினேன். மழை அப்படிப் பெய்துகொண்டிருந்ததால் கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்த ஆரம்பித்தது. இருட்டில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள் டோர்ச்சோடு ஓடி வந்தார்கள். அந்த வீட்டு அக்கா கடைசி வரைக்கும் பெட்டியை விட்டு நகரவில்லை என்று அவர்கள்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.

மருதாயி அக்கா பாதி வழியில், பீலியடியில் நின்றதால் தப்பினார். ராகினியை மறுநாள் எடுத்தார்கள். மற்றவர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். அக்கா இப்போது, எங்கள் எல்லோரையும் தங்க வைத்திருக்கிற இந்த ஸ்கூலில் என் பாய்க்குப் பக்கத்துப் பாயில்தான் படுக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்மேல குத்தமில்ல விஜயா, அந்தப் பொட்டிதான் நம்மள ஏமாத்திருச்சு" என்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறவரோடு வாதாடக் கூடாது.

ஆனால் நீங்கள் பெட்டி பழுது என்று எழுதப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. சத்தம் வராமல் செய்தது நான். தெரிந்தேதான் செய்தேன். அக்கா வந்து கேட்டபோதும் தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். ஒரு நல்ல சாமானுக்குக் கெட்ட பேர் வருவது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் நானாக வந்து சொல்கிறேன்.

வெளியே ஜீப்பில் புதுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறீர்கள். பார்த்தேன். லயத்தில் மிஞ்சினவர்கள் எல்லோரும் அதை என் வீட்டிலேயே வைக்கச் சொல்கிறார்கள், மருதாயி அக்காவும்தான். எனக்கு மறுப்பு இல்லை. பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? இந்தத் தடவை மட்டும் குசினியில், அடுப்புப் பக்கத்துச் சுவரில் பூட்டித் தாருங்கள், ஐயா. ஹாலுக்கு அது ஒத்துவராது.