நிறுத்தினால் மறந்ததாக அர்த்தமில்லை

இரவு ஒன்பது மணி இருக்கும். கல்லூரிக்குப் பின்புறச் சாலை. ஒரு பக்கம் நீண்ட மதில், மறுபக்கம் பூட்டிய கிடங்குகள். அவள் தனியாக நடந்து வந்தாள்...

இருங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழப்பிவிடுவேன். எனக்குக் கதை சொல்ல வருமா என்றே தெரியவில்லை. இது என் தோழியின் அத்தை மகளுக்கு நடந்தது. நம்மைப் போலவே நாடகத்தில் பட்டப்படிப்பு. ஆனால் நம்மைப் போல மாலை வகுப்பு இல்லை, பகல் வகுப்பு. வீட்டில் வாயாடி என்று கூப்பிடுவார்கள். நடுநடுவே நான் நிறுத்துவேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து யாரும் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

மறுநாள் வாயாடிக்கு இரண்டாமாண்டு செய்முறைத் தேர்வு. தனி நடிப்பு. தேறாவிட்டால் படிப்பு அதோடு சரி. அப்பாவின் டயர் கடையில் பில் போட உட்கார வேண்டும். அப்படித்தான் அப்பாவோடு பேச்சு.

"நாடகம் படிக்க காலேஜா? நம்ம வீட்ல நடக்கிறதுக்கு டிக்கெட் போட்டாலே போதுமே!" என்றான் அண்ணன்.

"நீ நடிக்கிற நடிப்புக்கு எவன் டிக்கெட் வாங்குவான், அண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான், நான் முதலில் சொன்ன அந்தச் சாலை வழியாகக் கல்லூரி அரங்குக்கு ஒத்திகைக்குக் கிளம்பினாள்.

அரங்கில் யாரும் இல்லை. புதுப் பெயின்ட் வாசனை. சூடான விளக்கில் தூசி கருகும் வாசனை. ஒரே ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

அவளே எழுதிய நாடகம். வேலை கேட்டு வந்த ஒருத்தி, மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறாள். "கதவத் திறங்க..." என்கிறாள். பிறகு நீண்ட மௌனம். அதன் பிறகுதான், "திறக்கிற வரைக்கும் இங்கதான் நிப்பேன்." அந்த மௌனத்தில்தான் நாடகமே இருக்கிறது.

"கதவத் திறங்க..."

திரைக்குப் பக்கத்தில், வசனம் எடுத்துக் கொடுப்பவர் உட்காரும் மூலையில், சர்ரென்று காகிதம் புரண்டது. ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாக:

"திறக்கிற வரைக்கும்..."

போய்ப் பார்த்தாள். வெறும் முக்காலி. வசனத்தின் ஒரே பிரதி அவள் பையில்தான் இருந்தது.

ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் செருப்பைக்கூட எடுத்திருக்க மாட்டேன். அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த முக்காலியிடம், "நான் மறக்கலம்மா. நிறுத்தியிருக்கேன். வித்தியாசம் தெரியாதா?" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"கதவத் திறங்க..."

காகிதம் புரண்டது. இந்த முறை அந்தக் குரல் காதுக்கு மிக அருகில். முகப் பவுடர் வாசனையோடு.

"திரும்பிப் போயிடறேன்."

"அது என் வசனம் இல்ல!"

விளக்கு அணைந்தது. இருட்டிலேயே நாடகத்தை முழுக்க நடித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

மறுநாள் அதே அரங்கில் தேர்வு. வீட்டாரும் வந்து பார்க்கலாம். அதே இடத்தில் நிறுத்தினாள். ஒருவர்கூட இருமவில்லை. அவள் அசையவில்லை. பிறகு, தான் எழுதியதைத்தான் சொன்னாள். தேறிவிட்டாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா முதல் முறையாகத் தோளில் தட்டினார். "நல்லா இருந்துச்சும்மா. நீ படி. ஆனா ஓரத்துல இருந்து ஒருத்தி தப்பா எடுத்துக் கொடுத்துக்கிட்டே இருந்தாளே... அவள மொதல்ல மாத்தச் சொல்லு."

நடந்ததைக் கேட்டுவிட்டு, வேறு அரங்கம் தருகிறோம் என்று ஆசிரியர் சொன்னபோது வாயாடி ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஏன் சார் மாறணும்? அவ வேணா மாறட்டும்." மூன்றாமாண்டும் அதே மேடையில்தான் நடித்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தக் குரல் யாருடையது என்று கடைசியில் அவள் கண்டுபிடித்தாள். அது...

யார் அது? "தெரியாதுன்னு சொல்லிடு" என்று இப்போது எடுத்துக் கொடுத்தது யார்?

நீங்கள் எல்லோரும் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பின்னால் சுவர்தான்.

பரவாயில்லை. அது என் வசனம் இல்லை. நான் மறக்கவில்லை, நிறுத்தியிருக்கிறேன். சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

...கேட்டதா? பக்கம் புரட்டுகிறாள்.