லாமா என்று ஒரு ஃபோல்டர்

வீட்டில் யாராவது ஒருவர் பழையதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும், எவலின். உன் அப்பா செய்யமாட்டார். எட்டு வருடங்களுக்கு முன் அவரைக் கட்டிக்கொண்டு இந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நான் வந்தபோது, மேசை இழுப்பறையில் செத்துப்போன ரிமோட்டுகள் மட்டும் ஏழு இருந்தன. ஒன்றுக்குக்கூட டிவி இல்லை.

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிய மென்பொருளைப் போடும்போது பழையது விட்டுப்போன கோப்புகளைத் துடைத்துவிடுவேன். இல்லாவிட்டால் புதியது எதைத் தொட்டாலும் பழையது குறுக்கே வந்து நிற்கும். புதிதாக வந்ததற்கும் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, உன் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மலர், அந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் அப்டேட் கேக்குது. பாத்துப் போட்டுடு லா."

"பழசு ஏதாச்சும் வேணுமா, லெஸ்லி?"

"எக்ஸ்பர்ட் நீதானே," என்று சிரித்துவிட்டு உன்னோடு சர்ச் பூசைக்குக் கிளம்பினார்.

கடைசித் திரை கேட்டது: பழைய பதிப்பின் மிச்சக் கோப்புகளையும் நீக்கவா? பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். கீழே, போகப்போகும் ஒரே ஃபோல்டரின் பெயர்: லாமா.

மலாயில் லாமா என்றால் பழையது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நேற்று அந்த ஃபோல்டர் எங்கே போனது என்று நீ கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். "பரவால்ல ஆன்டி, டேடி ஏன் அப்படிப் பேர் வச்சாரு," என்று அழுதுகொண்டே எனக்கு ஆறுதல் சொன்னாய். அதனால்தான் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கவனமானவள். திறந்து பார்க்காமல் எதையும் நீக்கமாட்டேன். உள்ளே நாற்பத்து மூன்று பதிவுகள். தொண்டைப் புற்று குரலை எடுத்துக்கொள்வதற்கு முன், உன் அம்மா உர்சுலா உனக்காகப் பேசிவைத்தவை. "குடை எடுத்துக்க லா, மா." "சாப்பிட்டுட்டுப் படு லா, மா." இந்த ஊர்ப் பேச்சில் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் லா, மகளைக் கூப்பிடும் மா: ஒவ்வொன்றும் அந்த லா, மாவில்தான் முடிந்தது. ஃபோல்டருக்கு உன் அப்பா சரியாகத்தான் பெயர் வைத்திருந்தார். கடைசிப் பதிவு, அடுத்த மாதம் உன் கல்யாணத்தில் போட வேண்டும் என்று நீ தேடியது.

அன்று நான் எதையும் நீக்கவில்லை. மூன்று ஞாயிறுகள், நீங்கள் பூசையில் இருக்கும்போது, எல்லாவற்றையும் கேட்டேன். வேறு நகல் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். நாலாவது ஞாயிறு அப்டேட்டை மறுபடி ஓட்டி, அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். பிறகு கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அது வேலைப் பழக்கம்.

பொறாமை என்று நினைக்காதே. உன் அம்மாமேல் எனக்கு மரியாதைதான். நல்ல குரல். லேசாக மூக்கில் பேசுவார். 'மா' சொல்வதற்கு முன் சின்னதாக ஒரு மூச்சு.

இன்று காலை நீ வேலைக்குக் கிளம்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. "குடை எடுத்துக்க லா, மா," என்றேன், அந்தச் சின்ன மூச்சோடு. கதவுப் பிடியில் கை வைத்தபடி நீ அப்படியே நின்றுவிட்டாய்.

கல்யாணத்தன்று சொல்ல வேண்டியதும் எனக்கு மனப்பாடம். ஒன்னும் அழியல லா, மா.