அஞ்சு மாச லீவு

அப்ப ஸ்டூடண்ட் பாஸ, அதான் படிக்கிற விசாவ, கேன்சல் பண்ணிட்டுத்தான் ஊருக்குப் போறீங்களா? ஒரே ஒரு செமஸ்டர் லீவு கேட்டதுக்கா? அம்மாவுக்கு ஆப்பரேஷன்னு சொல்லியுமா? ம். காலேஜையும் குத்தம் சொல்ல முடியாதுலா. படிக்கத்தான பாஸ் குடுக்குறாங்க, படிக்கலன்னா இமிக்ரேஷனுக்குச் சொல்லித்தான ஆகணும். அப்ப திரும்பி வரணும்னா மதுரையிலேர்ந்து மறுபடியும் மொதல்லேர்ந்து அப்ளை பண்ணணும்.

இருங்கம்மா, இந்த லோரியத் தாண்டிக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே பாதி உசுரு போயிருது. பயப்படாதீங்க, உங்க ஃப்ளைட்டுக்கு நேரம் இருக்கு, ஏர்போர்ட்டுல எறக்கி விட்டுருவேன். நான்தான் காலையிலேர்ந்து ஒரு மாதிரி படபடன்னு இருக்கேன்.

உங்க அப்பா என்ன சொன்னாரு? சும்மாதான் கேக்குறேன். திட்டுனாரா? வான்னு மட்டும் சொன்னாரா. சரி.

என் மகன் ரிஷி அமெரிக்காவுல இன்ஜினியரிங் படிக்கிறான், மூணாவது வருஷம். தைப்பூசத்துக்கு பத்துமலையில பால்குடம் எடுக்கணும்னு வந்தான். எங்களுக்கும் சந்தோஷம், மஞ்ச வேட்டியெல்லாம் வாங்கி வச்சோம். எடுத்தான், படி எறங்குனான், வீட்டுக்கு வந்து ரூம் கதவ சாத்துனவன்தான். எப்படா திரும்பிப் போறன்னு கேட்டா, ஒரு செமஸ்டர் லீவு போட்டுட்டேன்பாங்கிறான்.

எனக்கு என்னம்மா தெரியும்? நம்ம ஊர்ல ஒடம்பு முடியலன்னா கிளினிக்குல எம்சி, அதான் மெடிக்கல் லீவு சீட்டு, குடுப்பாங்க, முதலாளிகிட்ட நீட்டுனா முடிஞ்சுது. நானும் அவனக் கூட்டிட்டுப் போயி ரெண்டு நாள் எம்சி வாங்கி, இந்தாடா, இத காலேஜுக்கு அனுப்பி வைன்னேன். அதப் பாத்து சிரிச்சான். வந்ததுலேர்ந்து அவன் சிரிச்சது அந்த ஒரு தடவதான்.

அப்புறம்தான் வெவரம் சொன்னான். வெளிநாட்டுப் பசங்களப் பாத்துக்கிறதுக்கு அங்க காலேஜுலயே ஒரு ஆபீஸ் இருக்காம். நல்ல வேள, லீவுக்கு முன்னாடியே அங்க சொல்லிட்டான். சொல்லாம கிளாஸுக்குப் போறத நிறுத்தியிருந்தா அப்பவே கத முடிஞ்சிருக்கும். ஆனா அஞ்சு மாசத்துக்குள்ள திரும்பி அங்க இருக்கணுமாம். தாண்டுனா பழைய விசா செல்லாது. புதுசா பேப்பர், புதுசா இன்டர்வியூ, அவங்க மனசு வச்சாத்தான் உண்டு.

என்னாச்சுன்னுதான் சொல்ல மாட்டேங்கிறானே. நைட்டெல்லாம் நடக்குறான்மா. ஹாலுக்கும் கிச்சனுக்கும், ஹாலுக்கும் கிச்சனுக்கும். நாங்க ரெண்டு பேரும் இருட்டுல அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே படுத்திருப்போம். என் வைஃப் சீதாலெட்சுமி, யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டா. சொந்தக்காரங்க கேட்டா ஆன்லைன் கிளாஸ்னு சொல்லி வச்சிருக்கோம். எத்தன நாளைக்குச் சொல்றது?

டாக்டர்கிட்டயா? சொல்லிப் பாத்தாச்சு. அங்க திரும்பிப் போயிட்டா சரியாயிரும்பாங்கிறான். அங்க போயிட்டான்னா யாரு பாத்துக்குவா? தனி ரூமு. ஏதாச்சும் பண்ணிக்கிட்டான்னா? சரி, போகாதன்னு புடிச்சு வச்சா, நாளைக்கு என் படிப்பக் கெடுத்ததே நீதான்னு நிப்பான். எனக்கு கோவமும் வருது, பயமாவும் இருக்கு. எது கூடன்னுதான் தெரியல.

பாருங்க இந்த காடிக்காரன, சிக்னலே போடாம நுழையிறான்.

ஏர்போர்ட் வந்தாச்சும்மா. இந்த டோர் முன்னாடியே நிறுத்துறேன். இருங்க, பூட்ட, அதான் உங்க ஊரு டிக்கிய, நானே தொறக்குறேன், அது கொஞ்சம் மக்கர் பண்ணும். உள்ள நீலக் கலர்ல ஒரு பெரிய பேக் இருக்கும், மாத்தி எடுத்துறாதீங்க. அது ரிஷியோடது. நேத்தே ஏத்தி வச்சோம். இன்னிக்குத்தான் அவனுக்கும் ஃப்ளைட்டு. இத விட்டா அஞ்சு மாசம் தாண்டிரும்.

ஃப்ளைட்டுக்குக் கெளம்பச் சொல்லி காலையில எழுப்பத்தான் போனோம். வாயத் தொறந்துக்கிட்டு அசந்து தூங்குறான். வந்ததுலேர்ந்து அவன் தூங்கி நாங்க பாக்கவே இல்ல. நானும் வைஃபும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னோம். அப்புறம் அவதான் அவன எழுப்பாம, சத்தமில்லாம கதவ சாத்துனா. நான் காடிய வெளிய எடுத்து டாக்ஸி ஆப்ப ஆன் பண்ணேன், உங்க புக்கிங் வந்துச்சு.