வென்டெலுக்கு எடுத்த விழா

எங்கள் டோலிடோ நகரத்தில் ஏப்ரலிலும் பனி பெய்யும். உள்ளூர்க்காரன் அதைப் பற்றிக் குறை சொல்லமாட்டான். குறை சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது. கோட்டைக் கழற்றி அங்கே போடுங்கள். நீங்கள் லீக்கின் வக்கீல், நான் இந்தக் கூடைப்பந்து அணியின் பொது மேலாளர். வென்டெல் ப்ரூவரைப் பற்றித்தானே கேட்கப்போகிறீர்கள்? சொல்கிறேன். மறைத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

வென்டெலுக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் அணியிலேயே மூத்தவர். அவர் ஷூ நாடா கட்டக் குனிந்தால், “அங்கயே தங்கிடுவீங்களா பெருசு, சாப்பாடு அனுப்பவா?” என்று பையன்கள் கேட்பார்கள். அவரும் சிரிப்பார். இத்தனை வருட ஆட்டத்தில் ஒரு கோப்பை வென்றதில்லை; அது ஒன்றுதான் அவருக்குக் குறை. அதை அவர் சொல்வார், அவர் மனைவி சொல்வார், அவருக்கு முடிவெட்டுகிறவரும் சொல்வார்.

பிப்ரவரிக் கடைசியில் என் அறைக்கு வந்தார். விதி உங்களுக்குத் தெரியும். மார்ச் முதல் தேதிக்குள் விடுவித்தால் அவர் வேறு அணிக்குப் போய், கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகளில் ஆடலாம். அதற்குப் பிறகு விடுவித்தால் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கலாம்.

“பாஸ், என்னை டீம்லருந்து வெட்டுறதா இருந்தா இப்பவே வெட்டிடுங்க. வடக்க ஒரு டீம்ல கூப்பிடுறாங்க. கொஞ்ச நேரந்தான் இறக்குவாங்களாம். எனக்கு அது போதும்.”

அந்த அணிதான் முதல் சுற்றில் எங்களுக்கு எதிரே வரும்போல் இருந்தது. எங்கள் ஆட்டத் திட்டம் முழுவதும் வென்டெலின் தலைக்குள் இருந்தது.

“நாம ஒரு குடும்பம், வென்டெல். குடும்பத்துல யாரும் யாரையும் வெட்டுறதில்ல,” என்றேன்.

எங்கள் முதலாளி மெத்தை விற்றுப் பணக்காரரானவர். ‘குடும்பம்’ என்ற சொல்லை அரங்கின் சுவரெல்லாம் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். தினமும் பார்த்தால் யார் வாயிலும் வந்துவிடும். வென்டெல் கண்கலங்கினார். அவ்வளவு உயரமான மனிதர் அழும்போது எங்கே பார்ப்பதென்று தெரிவதில்லை.

மார்ச் பிறந்தது. தூரத்திலிருந்து கூடை போடுவதில் கெட்டிக்காரனான ஓர் இளைஞன் எங்களிடம் வரத் தயாராக இருந்தான். அணியில் ஓர் இடமும் காலியில்லை. பெருசைத் தூக்கிவிடலாம் என்றார் பயிற்சியாளர் கிரேடி. அவரைத் தூக்கினால் ஊர் நம்மைத் தூக்கிவிடும் என்றேன். இந்த ஊரில் வென்டெலின் பெயர் போட்ட பனியனோடு தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காயம்பட்டவரை அனுப்பிவைத்தால், அதே ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

அந்த வாரம்தான் அணி மருத்துவர் பெசெக் என்னிடம் பேசினார்.

“இடது குதிகால் தசைநார் நைஞ்சுபோச்சு. நடக்கலாம், பெஞ்சுல உக்காந்து கைதட்டலாம். எம்பிக் குதிச்சாருன்னா அறுந்துடும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

நானே சொல்கிறேன் என்றேன். இதையெல்லாம் மேலாளர் வாயால் சொல்வதுதான் மரியாதை.

பிறகு விழா எடுத்தேன். ஓய்வுபெறும் வயதில் இருக்கும் வீரருக்கு ஆடும் நாற்காலி பரிசளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல மரத்தில் ஒன்று செய்யச் சொன்னேன். மேயர் வந்து வென்டெலின் பெயரைத் தப்பாக வாசித்தார். முதலாளி, குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மெத்தைக்கு வந்து சேர்ந்தார். வென்டெலின் மனைவியும் இரண்டு மகள்களும் முன்வரிசையில் இருந்தார்கள். இடம் நான் ஒதுக்கியது.

விழா முடிந்ததும் அன்றைய ஆட்டம்; ஆரம்பத்திலேயே அவரை இறக்கச் சொன்னேன். கிரேடி தயங்கினார்.

“கால் பரவாயில்லையா?”

“டாக்டர்கிட்ட பேசிட்டேன்.”

பேசியிருந்தேன்; பொய் இல்லை.

பந்தைக் கூடைக்குள் ஓங்கி அடித்துக் காட்டச் சொல்லி அரங்கமே அவர் பெயரைக் கத்தியது. பல மாதமாக அவர் அதைச் செய்ததில்லை. ஓடி வந்தார், எம்பினார். தசைநார் அறுந்த சத்தம் கேட்டதென்று முன்வரிசைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் மேலே கண்ணாடி அறையில் இருந்தேன். அங்கே எந்தச் சத்தமும் வராது.

மறுநாள் அவரை அணியிலிருந்து விடுவித்தோம். அறிக்கையில் ‘மருத்துவ ஓய்வு’ என்று போட்டோம். ஊரே பூ அனுப்பியது. அந்த இளைஞன் வந்தான். முதல் சுற்றிலேயே தோற்றோம்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். இனி அவரால் ஓட முடியாதாம். மாடிப்படி ஏறவே யாராவது கை பிடிக்க வேண்டுமாம். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

“எல்லாரும் என்னை வெட்டச் சொன்னாங்களாம் பாஸ். நீங்க ஒருத்தர்தான் விட்டுக்கொடுக்கல.”

வரும் வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? இந்த அணியில் அவருக்காக நின்றவன் நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.